சரபோஜிக்கு நெட் தேர்ச்சி இல்லை

தஞ்சாவூர் அரண்மனைக்குள் சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்கு வருகிற கூட்டம் ஓலைச்சுவடிகளை இரண்டே நிமிடத்தில் தாண்டிவிடும். நின்று பார்ப்பது ஷார்ல் லெ ப்ரனின் படங்களைத்தான். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர். ஒரு மனித முகம், பக்கத்திலேயே அதே சாயலில் ஒரு மிருகமோ பறவையோ. சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் அதில் தங்கள் வாத்தியார்களைத் தேடிக் கண்டுபிடித்து ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளும். வாத்தியார்கள் கொஞ்சம் தள்ளி நின்று செல்போன் பார்ப்பார்கள்.

அந்தப் படங்களையும், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று ஆயிரக்கணக்கில் ஐரோப்பியப் புத்தகங்களையும் சேர்த்துவைத்தவர் இரண்டாம் சரபோஜி. 1799 ஒப்பந்தத்தில் ராஜ்யத்தை ஆங்கிலேயக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கோட்டையும் மானியமுமாக உட்கார்ந்தவர். படை இல்லை, வரி வசூல் இல்லை, வேலை வெட்டி இல்லை. அந்த நிலையில் மற்ற சமஸ்தானாதிபதிகள் என்ன செய்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். இவர் கோட்டைக்குள் தேவநாகரி அச்சகம் வைத்து ஈசாப் கதைகளை மராத்தியில் அச்சடித்தார். ராஜா என்பதற்காக எனக்கு அவர்மேல் தனி மரியாதை ஒன்றும் கிடையாது. ஒரு துணைவேந்தர் செய்திருக்க வேண்டிய வேலையை, துணைவேந்தர் என்ற பதவியே இந்த நாட்டில் இல்லாத காலத்தில் செய்தார் என்ற மரியாதை உண்டு.

இந்தக் காவிரி டெல்டாவுக்கு அயல்மொழி நேற்று வந்த சரக்கில்லை. 1620-இல் ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஓலையில் தமிழில் கடிதம் எழுதினார். கோபன்ஹேகனில் அதை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர் கையில் இருந்தது. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரருக்கு. நாகப்பட்டினம் முதலில் போர்த்துகீசியருக்கு, பிறகு 1658 முதல் 1781 வரை டச்சுக்காரருக்கு. தரங்கம்பாடியில் பஸ் ஏறினால் நாகப்பட்டினம் இறங்குவதற்குள் மூன்று ஐரோப்பிய ராஜ்யங்களைத் தாண்டிவிடலாம். நம் நிலம், நெல், வரி, வழக்கு, திருட்டு, பஞ்சம் எல்லாவற்றையும் அவர்கள் தங்கள் மொழியில் எழுதிவைத்தார்கள். வியாபாரி அல்லவா, கணக்கில் குறை வைக்கமாட்டான்.

அந்தக் கணக்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1659 தொடங்கி 1661 வரை பிஜப்பூர்ப் படை தஞ்சை நாட்டைச் சூறையாடிப் பஞ்சம் தலைவிரித்தாடியது. அப்போது சோழமண்டலக் கரையில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர்வரை டச்சுக் கம்பெனி அடிமைகளாக வாங்கியது. பெரும்பாலோரை இலங்கைக்கும், மிச்சம் பேரைப் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றியது. சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையே விற்றுக்கொண்டவர்களின் கதை அது. அவர்களுடைய தெருக்காரர்கள் நாம். அந்தக் கம்பெனியின் காகிதங்கள் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, மொழி டச்சு. டச்சுக்கோ டேனிஷுக்கோ ஒரு துறை, ஒரு பேராசிரியர் பதவி, ஒரே ஒரு நாற்காலி, இந்த டெல்டாவின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. விலைபோனவர்களின் விற்பனைச் சீட்டைப் படிக்கக்கூட நாம் ஆள் வைக்கவில்லை.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்ற கதையைப் பாருங்கள். ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்தார். வாத்தியார் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாதிரியார் வீட்டுக்கே பள்ளிக்கூடத்தை மாற்றினார். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார் வெள்ளைக்காரர். பத்து வருஷத்துக்குள், 1716-இல், லத்தீனில் தமிழ் இலக்கணம் எழுதி ஹாலே நகரில் அச்சேற்றிவிட்டார். என் கணக்கில் இந்த டெல்டாவின் முதல் அயல்மொழிப் பேராசிரியர் அந்தத் திண்ணை வாத்தியார்தான். அவருக்கு நெட் கிடையாது, ஸ்லெட் கிடையாது, பி.எச்டி. கிடையாது, மாணவர் மட்டும் உண்டு.

அதே சீகன்பால்குவும் கூட்டாளிகளும் இங்கிருந்த தமிழர்களிடம் கேள்வி கேட்டுப் பதில் கடிதங்கள் வாங்கினார்கள். சாமி, சாதி, கல்யாணம், வைத்தியம், கிறிஸ்தவர்களைப் பற்றி உள்ளூர்க்காரர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பதுவரை. 99 கடிதங்கள். ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். தமிழ் மூலம் போய்விட்டது. முந்நூறு வருஷத்துக்கு முன் நம் கொள்ளுத் தாத்தாக்கள் வெள்ளைக்காரன் முகத்துக்கு நேரே பேசிய பேச்சைக் கேட்க வேண்டுமானால் ஜெர்மன் தெரிந்த ஒருவர் வேண்டும். இங்கே அதற்கு ஆள் கேட்டால் 'ஸ்கோப் இருக்கா?' என்பார்கள்.

1981 செப்டம்பர் 15-இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. வ.அய். சுப்பிரமணியம் முதல் துணைவேந்தர். ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர். சரஸ்வதி மகாலில் மூட்டை மூட்டையாகக் கிடந்த மோடி எழுத்து மராத்தி ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழாக்கி அங்கேதான் வெளியிட்டார்கள். ஆள் இருந்தால், சம்பளம் இருந்தால், மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கொஞ்சம் வெறி இருந்தால் நடக்கும் என்பதற்கு அந்தத் தொகுதிகளே சாட்சி. அதன்பிறகு அந்த வளாகம் செய்தித்தாளில் இடம்பிடித்தது நியமன முறைகேட்டு விசாரணைக்காகவும், ஓய்வூதியம் தாமதமான போராட்டத்துக்காகவும், துணைவேந்தர் நாற்காலிச் சண்டைக்காகவும். அறிவைப் பற்றிய செய்தி எதுவும் எடிட்டர்களுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மிச்சமிருக்கும் அயல்மொழி ஆங்கிலம். டெல்டாவில் எந்தக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் ஓர் ஆங்கிலத் துறை உண்டு. இதில் கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு ஒரு சரித்திரப் பெருமையும் உண்டு: 1904-இல் சேர்ந்த இராமானுஜன் என்ற பையனை ஆங்கிலத்தில் தோற்கடித்து, உதவித்தொகையைப் பறிகொடுக்க வைத்தது. டெல்டாவின் ஆங்கிலப் படிப்பு உலகச் சரித்திரத்தில் இடம்பிடித்த ஒரே சந்தர்ப்பம் என்று அதைச் சொல்லலாம். பின்னால் கேம்பிரிட்ஜ் வந்து அழைத்துப்போனது. கேம்பிரிட்ஜில் அவருக்கு இங்கிலீஷ் காம்போசிஷன் வைக்கவில்லை.

இப்போதைய ஆங்கிலத் துறைகள் அவ்வளவு கறாரெல்லாம் இல்லை. அவை பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்துகின்றன.

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். நான்கைந்து பேர் எனக்குப் போன் செய்து, 'எங்களைத்தானே எழுதியிருக்கீங்க?' என்பார்கள். காலை ஒன்பதரைக்குக் குத்துவிளக்கு. பேனரில் ஷேக்ஸ்பியருக்கும் தாகூருக்கும் நடுவில் கல்லூரித் தாளாளர். மூன்று பேர் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்ள முக்கால் மணி நேரம். கருத்தரங்கம் பன்னாட்டுத் தகுதி பெறுவது துறைத்தலைவரின் மைத்துனர் மலேசியாவிலிருந்து ஜூமில் வருவதால். அவர் அங்கே கணக்கு வாத்தியார். 'சார், மியூட்ல இருக்கீங்க' என்பதே அன்றைய சிறப்புரையில் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்ட வாக்கியம். பிறகு நான்கு அறைகளில் நான்கு அமர்வு. மாலைக்குள் நூற்றைம்பது கட்டுரை. ஆளுக்கு ஐந்து நிமிடம். கட்டணம் கட்டினால் ஐ.எஸ்.பி.என். எண் போட்ட தொகுப்பில் இடம். அந்தத் தொகுப்பைப் பிரித்துப் படித்தவர் உலகில் ஒருவர்தான், டி.டி.பி. செய்த பையன். பாதியில் அவனும் நிறுத்திவிட்டான்.

நான் உட்கார்ந்திருந்த அறையில் ஒருவர் காஃப்காவைப் பற்றிப் படித்தார். ஆங்கில நாவலின் முன்னோடி என்றார் காஃப்காவை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, 'சார், அவர் எந்த லேங்குவேஜ்ல எழுதினார்?' என்று கேட்டாள். கட்டுரையாளர் தாளைத் திருப்பினார். முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை. அமர்வுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். 'நல்ல கேள்விம்மா. லஞ்சுல டிஸ்கஸ் பண்ணலாம்.' லஞ்சில் சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். டிஸ்கஷன் வறுவலைப் பற்றி. லெ ப்ரன் அந்த மேடைக்கு எதிரில் அரை நாள் பென்சிலோடு உட்கார்ந்திருந்தால் இன்னொரு தொகுதி தேறியிருக்கும்.

இதெல்லாம் சும்மா நடக்கவில்லை. பதவி உயர்வுக்குப் புள்ளி வேண்டும், புள்ளிக்குக் கட்டுரை வேண்டும், கட்டுரைக்கு இதழ் வேண்டும். போலி இதழ்களை ஒழிக்க என்று யு.ஜி.சி. 'கேர்' பட்டியல் கொண்டுவந்தது. உடனே பட்டியல் இதழைப் போலவே பெயரும் அட்டையும் வைத்த குளோன் இதழ்கள் வந்தன. 2025 பிப்ரவரியில் பட்டியலையே கைவிட்டார்கள். கொசுவர்த்திச் சுருளில் கொசு உட்காரத் தொடங்கியதும் சுருளைத் தூக்கிப்போட்ட கதை. ஆய்வு மாணவர்கள்? வைவா அன்றைக்கு வெளிமாநிலத் தேர்வாளரைப் பெரிய கோயிலுக்கும் சுவாமிமலைக்கும் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, தலையாட்டி பொம்மை ஒன்றைப் பரிசாகக் கொடுத்து ரயிலேற்றுகிறார்கள். பொம்மைக்கும் தேர்வாளருக்கும் அன்றைக்கு ஒரே வேலை.

சரி, இன்றைய தேதியில் சரபோஜி ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் அயல்மொழித் துறைக்கு விண்ணப்பம் போட்டால் என்ன ஆகும்? ஆராய்வுக் குழு கூடுகிறது. முதுகலைப் பட்டம்? இல்லை. நெட்? இல்லை. ஆசான் ஒரு ஜெர்மன் பாதிரியார், பெயர் ஷ்வார்ட்ஸ் என்கிறார். அது ரெகுலர் மோடா, தொலைநிலைக் கல்வியா? சமநிலைச் சான்றிதழ் எங்கே? நூலகம் அமைத்தது நிர்வாக அனுபவமாக ஏற்கத்தக்கதல்ல, அரசாணையில் இடமில்லை. வேண்டுமானால் நூலக உதவியாளர் பணிக்குத் தனியாக விண்ணப்பிக்கட்டும்.

அடுத்த கோப்பு அந்த ஷ்வார்ட்ஸ். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். தமிழ், பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி, போர்த்துகீசியம் தெரியும். 1779-இல் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப நம்பகமான ஆள் வேண்டுமென்று சென்னைக் கம்பெனி அரசு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது இவரைத்தான். குழு உறுப்பினர் உதட்டைப் பிதுக்குகிறார். பேசத் தெரிந்தால் ஆயிற்றா? ஐ.எஸ்.பி.என். உள்ள தொகுப்பில் எத்தனை கட்டுரை? அவருக்கு வயது வரம்பும் தாண்டிவிட்டது, 1798-இல் இறந்துவிட்டதாகக் குறிப்பு சொல்கிறது. சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய அவருடைய தேவாலயத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் ஆசானின் கையை இளம் சரபோஜி பற்றியிருப்பதைச் சிற்பி பிளாக்ஸ்மன் சலவைக்கல்லில் செதுக்கியிருக்கிறார். வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ராஜா நிற்கிறான். அதுவும் இணைப்பாக வைக்கப்பட்டிருந்தது. 'சுயசான்றொப்பம் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சிரித்தாகிவிட்டது. இனி சிரிக்க ஒன்றுமில்லை.

அந்தக் கருத்தரங்கில் பொன்னாடைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். ஆங்கிலத்தில் எம்.ஏ., எம்.ஃபில்., பி.எச்டி., நெட், எல்லாம் உண்டு. 'ஏம்மா, சர்ட்டிபிகேட்ல கையெழுத்து வாங்கியாச்சா?' என்று துறைத்தலைவர் கேட்க, 'ஆச்சு சார்' என்றபடி ஓடியவர். மில்டன் எடுப்பது அவர், இலக்கணம் எடுப்பது அவர், இன்டர்னல் விடைத்தாள் திருத்துவது அவர், தேர்வுக் கூடத்தில் நிற்பது அவர். அரசுக் கலைக் கல்லூரியில் இப்படிப்பட்டவருக்கு மாதம் 25,000 ரூபாய், வருஷத்துக்குப் பதினொரு மாதம். மே மாதம் வயிறு லீவு எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து அறையில் அதே பாடத்தை, அதில் பாதி வகுப்பை எடுக்கும் நிரந்தரப் பேராசிரியருக்குச் சம்பளம் அதைப்போலப் பல மடங்கு. யு.ஜி.சி. 2019-லேயே கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று எழுதியது. அந்தக் காகிதமும் தமிழ்நாட்டுக்கு அயல்மொழியில் வந்துவிட்டது போலும். விரிவுரையாளர்கள் தெருவில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். போலீஸ் வேன் வந்தது, கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டார்கள்.

அவர் முன்னால் உட்கார்ந்திருப்பது யார்? ஒரத்தநாட்டிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் கட்டணமில்லா பஸ்ஸில் வருகிற பெண் பிள்ளைகள். அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் இந்தப் பெண். அவளுக்கு மூலநூலை யாரும் காட்டுவதில்லை, 'கைடு' காட்டுகிறார்கள். ஐந்து மார்க், பத்து மார்க் என்று பிரித்த குறிப்புகள். மனப்பாடம் செய்து வாந்தியெடுத்து எழுபது சதவீதம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறாள். மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்தவளால் வங்கியில் ஒரு படிவம் நிரப்ப முடியவில்லை என்றால் மக்கு என்கிறோம். அவள் மக்கில்லை. காஃப்கா எந்த மொழியில் எழுதினார் என்று கேட்டது அவள்தான்.

பணம் இல்லை என்பார்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 2017-இல் தமிழ்நாடு அரசு பத்துக் கோடி கொடுத்தது. மொத்த இலக்கு 60 லட்சம் டாலர். வெளிநாட்டுத் தமிழரும் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து நிரப்பினார்கள். அந்த இருக்கையில் இன்று மார்த்தா ஆன் செல்பி. தமிழ் கற்று, சங்கப் பாடல்களை மொழிபெயர்த்து, டெக்சாசில் வருஷக்கணக்கில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அந்த ஊருக்கு அவர் அயல்மொழி ஆசிரியர். அவருக்கு உரிய இடத்தில் அவர் இருக்கிறார். எனக்கு அதில் ஒரு குறையுமில்லை. கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பிரிவுக்கு மூடுவிழா என்றபோது இங்கே ஊரே கொதித்தது. 1 கோடியே 25 லட்சம் போனது. அதுவும் நியாயம். என் சந்தேகம் வேறு. கொலோனில் தமிழை மூடினால் கொதிக்கிற ரத்தம், தஞ்சாவூரில் ஜெர்மனுக்கு ஒரு துறை திறக்கவில்லையே என்பதற்கு வெதுவெதுப்பாகக்கூட ஆகமாட்டேன் என்கிறதே, ஏன்? நம் மொழியைப் படிக்கிற வெள்ளைக்காரரைக் கண்டால் கண்ணீர் மல்கும். அவர் மொழியைப் படிக்க விரும்பும் நம் பிள்ளைக்கு வாத்தியார் கேட்டால் நிதித்துறைக்கு மூச்சு முட்டும். ஹார்வர்டுக்குப் போன பத்துக் கோடியைப் பதினொரு மாதச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள்: 363 கௌரவ விரிவுரையாளர்களின் ஒரு வருஷச் சோறு.

2023-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் அயல்மொழிப் பட்டப் படிப்புகளை வெட்டியது. மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்து கத்தினார்கள், பத்திரிகைகள் எழுதின. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. திறக்காத கதவை யாரும் மூட முடியாது.

தேவை இல்லையா என்றால், தஞ்சாவூர்ச் சுவர்களைப் பாருங்கள். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போக பி-1, பி-2 பயிற்சி என்று நோட்டீஸ். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸ்களுக்கு ஜெர்மன் வகுப்பு நடத்துகிறது. பல்கலைக்கழகம் கைவிட்ட வேலை, செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஃபேன் ஓடாத அறையில் நடக்கிறது. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் மூத்திரச் சட்டி எடுக்க எந்த வேற்றுமை உருபு என்ற அளவோடு அங்கே ஜெர்மன் முடிந்துவிடுகிறது. முந்நூறு வருஷத்துக்கு முன் தரங்கம்பாடித் தமிழர் எழுதிய 99 கடிதங்கள்வரை அந்த வகுப்பு போகாது. போகச் சொல்லி அவர்களைக் கேட்கவும் முடியாது, கட்டணத்துக்குக் கணக்காக வேலை பார்க்கிறார்கள்.

2024 மார்ச்சில் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் என்று அறிவிக்கை வந்தது. ஆகஸ்டு 4 தேர்வு என்றார்கள். தள்ளிவைத்தார்கள். பொன்னாடைத் தட்டு ஏந்திய அந்த அம்மா இப்போது சனி, ஞாயிறில் செருப்புக் கடை மாடிக்குப் போகிறார். பாடம் நடத்த என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாம் பெஞ்சில், தன்னிடம் படித்த பெண்ணுக்குப் பக்கத்தில், நோட்டைப் பிரித்துவைத்து ஜெர்மன் ஏ-1 பாடம் எழுதுகிறார். கல்லூரியில் அவர் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். 'போகட்டும் சார். ஒரு போஸ்டுக்கு நாற்பது அப்ளிகேஷன் வந்து கிடக்கு. அதுல ரெண்டு பேர் இருபதுக்கே வரேங்கறாங்க' என்றார்.